சேமித்து வைத்த பக்கம்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் நான் நடத்திய நெட் சென்டரில் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்துக்கும் ஒரே இணைப்பு. அதுவும் ஆமை வேகம். அதனால் ஒரு பழைய பெட்டியில் ப்ராக்ஸி கேஷ் ஓட்டினேன். ஒருவர் திறந்த பக்கத்தை அது சேமித்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் வெளியே போகாமல் அதையே எடுத்து நீட்டும். சில தளங்கள் தங்கள் பக்கத்தைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லும். அதையும் மதிக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி அமைத்தேன். ரிஃப்ரெஷ் பட்டனை எத்தனை முறை தட்டினாலும் பழைய பிரதிதான் வரும். பக்கங்கள் பட்டென்று திறந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வலியசாலையில் எங்கள் வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

புயல் அடித்த வாரம் மொபைல் டவர்கள் செத்துவிட்டன. கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊரே என் கடைக்கு வந்தது. மீட்கப்பட்டவர்களின் பட்டியல் ஒரு தளத்தில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பெண்ணும் வந்தாள். குமரிக் கரையிலிருந்து பிழைக்க வந்தவள். கணவன் படகில் போயிருந்தான். அவன் பெயரும் ஊரும் பட்டியலில் இருந்தன, வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பதாக.

மறுநாள் காலை திரும்ப வந்தாள்.

"அண்ணா, இன்னொருக்கா நோக்குங்க. பேரு உண்டுதானே?"

தட்டினேன். இருந்தது. அவளும் தட்டிப் பார்த்தாள். அப்போதும் இருந்தது.

"நேத்து உள்ளது இன்னைக்கும் உண்டு. அப்போ சத்தியம்தான்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பெரிய உபகாரம் செய்கிறவனாக நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கணவனுக்கு மாற்றுச் சட்டையும் வேட்டியும் பையில் வைத்துக்கொண்டு, ரயில் பிடிக்கத் தம்பானூருக்குப் பஸ் ஏறினாள்.

மத்தியானம் டவர் உயிர்பெற்றது. என் போனில் அதே பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெயர் இல்லை. தவறாகச் சேர்ந்ததென்று முந்தின நாளே நீக்கிவிட்டதாகக் கீழே ஒரு வரி. காலையில் என் பெட்டி நீட்டியது நேற்றைய பிரதி. ஹோட்டலுக்கு ஓடி அவள் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். கடைக்குத் திரும்பி கேஷ் முழுவதையும் அழித்தேன். சரிசெய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

மூன்றாம் நாள் அதே பையோடு வந்து நின்றாள். தப்பு என் மேல்தான் என்று நடந்ததைச் சொன்னேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அங்க ஆளில்ல அண்ணா. நீங்க தந்த பேப்பரையும் அவங்க வாங்கி வச்சிட்டாங்க. உங்க கம்ப்யூட்டர்ல பேரு உண்டுல்லா? அத ஒண்ணு காட்டுங்க."

"அழிச்சுட்டேன்மா."

பையைக் கீழே வைத்தாள்.

"அதையும் அழிச்சாச்சா?"

வந்ததிலிருந்து கண் கலங்காதவள், அப்போதுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.