சாமுராய் வீட்டு மருமகன்

கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தபோது என்னோடு இரண்டு பேக் உடுப்பும் பதினொரு பெட்டிப் புத்தகமும் வந்தன. உடுப்புக்கு அலுமாரி கிடைத்தது. புத்தகங்கள் ஒன்பது வருசமாகக் கட்டிலுக்குக் கீழேதான். முன்னறையைக் கேட்கலாம் என்றால் அதில் மாமாவின் விதைநெல் மூடைகள். மாமாவுக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேளாண்மை. "புத்தகம் சோறு போடுமா மருமகன்?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு முன்னறை ஆசையை விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். பைத்தியமெல்லாம் பழைய ஜப்பான்மேல். போன மாதம் எங்கள் வாசிகசாலையில், அசர் தொழுகைக்குப் பிறகு, ஒரு பிரபுவிடம் சேவகம் செய்த சாதாரண சாமுராயின் வாழ்க்கையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மனைவி எனக்குச் சொல்லாமல் தன் வாப்பாவான மாமாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்திவிட்டாள். இன்றைக்கும் மனிசன் கொட்டாவி விட்டால் என் புத்தகங்களுக்கு ஆயுள் முழுக்கக் கட்டிலடிதான்.

வாளைப் பற்றிச் சொன்னேன். கொட்டாவி விட்டார். சாமுராய்க்குச் சம்பளமே அரிசிதான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"இதைக் கேட்டால் திகைத்துப்போவீர்கள்!" என்றேன். "ஆண் பிள்ளை இல்லாத சாமுராய் வீட்டில் மகளைக் கட்டுகிறவன், தன் வீட்டை விட்டு வந்து, பெண் வீட்டிலேயே குடியிருப்பான்!"

ஒருவரும் திகைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வேற எங்க சேர் இரிக்கிற?" என்றது பின்வரிசை.

சபை குலுங்கிச் சிரித்தது. அங்கிருந்த ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேரும் மனைவி வீட்டில் குடியிருப்பவர்கள். மாமாவும் அப்படித்தான். நானும்! எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளை போகிற வழக்கமே அதுதானே. எங்கோ இருந்து எவனோ எழுதிய ஆச்சரியத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்திருக்கிறேன். வெட்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்து முடித்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார்.

"சண்டை இல்லாத காலத்தில அந்த மருமகன் என்ன செய்வார்?"

"எழுத்து வேலை மாமா. மற்ற நேரம் வாசிப்பார்."

"அவர் கொண்டுவந்த சாமானையெல்லாம் அந்த வீட்டில எங்க வெச்ச?"

நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. "தெரியாது மாமா" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் முன்னறையில் மூடை இழுக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா, சாறனை மடித்துக் கட்டியபடி, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நேரம் மண்வெட்டி வைக்கவும் எடமில்ல" என்றார். "ஒங்கட மாமிட வாப்பாதான் இந்த அறைய ஒழிச்சுத் தந்த. எனக்கு அது மறந்து பெயித்து மருமகன்."

ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டிகளை வெளியே இழுத்தேன். திரும்பி வந்து மூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவரும் அதை என் கட்டிலடிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.