பேய் இருமுமா?

போன வருடம் தை மாதம். மாரி மழை விட்டு வெயில் இதமாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. காங்கேசன்துறைக்குக் கிட்ட, போர்க்காலத்தில் இருந்து பல வருடங்களாக யாரும் போக முடியாமல் கிடந்து அண்மையில்தான் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்ட ஒரு பகுதியில் இது நடந்தது.

நான் உடுப்பிட்டியில் இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. நாவல் வாசிப்பதுதான் எனக்குள்ள ஒரே பைத்தியம். அதுவும் இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் எழுதத் தொடங்கிய ‘கோதிக்’ கதைகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு குரல், அந்த வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் ஒரு பெண். எத்தனை தரம் வாசித்தாலும் அந்தப் பயம் எனக்கு இனிக்கும்.

நெல்லியடியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். அந்த மாதம் என்னுடைய முறை. கோதிக் கதைகளைப் பற்றியும், இடிந்த சுவரிலும் புயலிலும் தனிமையிலும் அழகைக் கண்ட அந்தக் காலத்துக் கவிஞர்களைப் பற்றியும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். பேச்சோடு காட்டப் படங்கள் வேண்டும். இடிந்த வீடு பார்க்க ஐரோப்பாவுக்கா போகவேண்டும்? வங்கியில் வேலை செய்யும் என் தோழியை ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்து, அவளுடைய ஸ்கூட்டரில் புறப்பட்டோம்.

நான் தேடியது போலவே ஒரு வீடு அகப்பட்டது. பெரிய கல்வீடு. கூரை இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலமரம் மேலே போயிருந்தது. நான் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். பக்கத்து வளவுத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“தங்கச்சி, உந்த வளவுக்குள்ளை போகாதேங்கோ. நேற்றுப் பின்னேரத்திலை இருந்து உதுக்குள்ளை ஒரு பொம்பிளை அனுங்கிற சத்தம் கேட்குது.”

“ஆரெண்டு பாத்தனீங்களோ அண்ணை?”

“ஆரைப் பாக்கிறது? முப்பது வரியத்துக்கு மேலை சனமில்லாத வீடு. அந்த நாளையிலை செத்ததுகள்தான் உப்பிடிக் கத்துதுகள். நான் திருநீறைப் பூசிக்கொண்டு கொட்டிலுக்குள்ளை படுத்திட்டன்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எனக்கும் கேட்டது. மெல்லிய, நீண்ட முனகல். சுவரில் இருந்து வருகிறதா, மரத்தில் இருந்து வருகிறதா, நிலத்துக்குள் இருந்து வருகிறதா என்று தெரியவில்லை. என் கை மயிர் குத்திட்டு நின்றது. உண்மையைச் சொன்னால் அந்தக் கணத்தில் எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. வாசித்த கதைக்குள்ளேயே கால் வைத்துவிட்டது போல இருந்தது. தோழி அதற்குள் ஸ்கூட்டரில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டாள்.

“வா, போவம். உனக்கென்ன விசரே, நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாய்?”

நானும் திரும்பினேன். அப்போதுதான் அந்த முனகலின் முடிவில் ஓர் இருமல் கேட்டது. நெஞ்சில் சளி கட்டிய ஆள் இருமுகிற இருமல். மருந்துக்கடையில் நாள் முழுக்க அதைத்தானே கேட்கிறேன்! பேய் இருமுமா? நான் வாசித்த எந்தப் பேயும் இருமியதில்லை. அதோடு இன்னொன்றும் பொறி தட்டியது. பூட்டிய அறைக்குள் இருந்து சத்தம் கேட்கும் அந்தக் கதைகளில், எல்லோரும் பேய், காற்று, பிரமை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் பார்த்தால் கதவுக்கு அந்தப் பக்கம் உயிருள்ள ஓர் ஆள் இருக்கும். பல கதைகளில் அது ஒரு பெண்.

“ஆரது உள்ளுக்கை?” என்று கத்திக்கொண்டு வளவுக்குள் போனேன். தோழி பின்னால் நின்று என் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்டது. வீட்டின் பின்பக்கம் முழுவதும் கொடி படர்ந்து பச்சைப் பாய் விரித்தது போல இருந்தது. அதில் ஒரு கால் வைத்தேன். கால் கொஞ்சம் இறங்கியது.

“பிள்ளை, கிட்ட வராதை! கிணறு! சுத்திவரக் கட்டில்லை!”

குரல் என் காலடியில் இருந்து வந்தது. அப்படியே பின்பக்கமாக விழுந்து, குந்தியபடியே பின்னுக்கு நகர்ந்தேன். இன்னொரு அடி வைத்திருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன். பிறகு கொடியை மெல்ல விலக்கிப் பார்த்தேன். பாதி கல்லும் மண்ணும் கொட்டித் தூர்ந்த கிணறு. அடியில் முழங்கால் சேற்றில், ஒரு காலை நீட்டியபடி சேலை கட்டிய ஓர் அம்மா.

“கால் முறிஞ்சுபோச்சுப் போலை. பயப்பிடாதை பிள்ளை, நான் மனிசிதான்” என்றார்.

வெங்காயக்காரர் வேலியைப் பாய்ந்தே வந்துவிட்டார். எட்டிப் பார்த்தவருடைய முகம் ஒருமாதிரியாகப் போனது. ஆள் கூட்டிவரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் பறந்தார். தோழி அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். நான் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு விடாமல் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிவிடக்கூடாதே என்பதுதான் எனக்குப் பயம்.

அப்படிக் கதைத்தபோதுதான் தெரிந்தது, அது அவருடைய வீடு. கலியாணம் கட்டி வந்த வீடாம். இடம்பெயர்ந்து போனதில் இருந்து பருத்தித்துறைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். காணியைத் திரும்ப விட்டாச்சு என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். கிணறு இருந்த இடம் தனக்குத் தெரியாததா என்று நினைத்து நடந்திருக்கிறார். விழுந்ததில் கைபேசியும் சேற்றுக்குள் போய்விட்டது.

கடலுக்குப் போய்வந்த இரண்டு பேர் வலைக்கயிறோடு அவருடன் வந்தார்கள். ஒருவர் இறங்கி, அந்த அம்மாவை வெங்காயக்காரர் கொட்டிலில் இருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் இருத்திக் கட்டினார். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கதிரை மேலே வந்து வெயில் அவர் முகத்தில் பட்டபோது, என் தோழி விம்மி விம்மி அழுதாள். அந்த அம்மாவோ சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆரும் ஒரு தேத்தண்ணி தருவியளோ?” என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். வெங்காயக்காரர் கொட்டிலுக்கு ஓடிப்போய்த் தேநீர் ஊற்றி வந்து, ஊதி ஊதித் தன் கையாலேயே பருக்கினார். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா” என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸ் வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மற்றபடி உயிருக்கு ஆபத்தில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை வாரி, திருநீறு பூசி, வேறு ஆள் மாதிரி இருந்தார்.

“எவ்வளவு கூப்பிட்டன் தெரியுமே பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை. இருட்டினாப்பிறகு என்ரை குரல் எனக்கே பேய்க்குரல் மாதிரிக் கேட்டுது. அதுக்குப் பயந்து கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தன்” என்றார்.

வாசகர் வட்டத்தில் நான் தயார்செய்த பேச்சைப் பேசவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அந்தக் கதைகள் இத்தனை காலம் கழித்தும் ஏன் சாகாமல் இருக்கின்றன என்பதை அதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். வளவைத் துப்புரவாக்கி, கிணற்றுக்கு மூடி போட்டு, சின்னதாக ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். நான் இன்றும் அதே மாதிரிக் கதைகளைத்தான் வாசிக்கிறேன். ஆனால் ஒரு குரலைக் கேட்டு உடம்பு சிலிர்க்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கலாம் என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வருகிறது.