நடிகைக்கு நான் கொடுத்த மரியாதை

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் டெனிஷ் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மனைவிக்காகக் காத்திருந்தவர்கள். குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. என்னுடையதற்கு இரண்டு வயதாகியிருந்தது. மன்னாரிலிருந்து மனைவி எழுதும் ஒவ்வொரு கடிதமும் "பதில் வந்ததோ?" என்றுதான் தொடங்கும்.

ஆளுக்கொரு டெனிஷ்காரரைப் பற்றிப் பேசும்படி ஆசிரியை சொன்னார். எனக்கு வாய்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக நடிகை. சலவைக்காரியின் மகள். பத்து வயதில் மேடையில் மெழுகுதிரி பிடித்து நின்றவர், முதல் வசனத்துக்காக ஏழு வருசம் காத்திருந்தார். பிறகு முப்பது வருசம் கதாநாயகி. காத்திருப்பதில் எனக்கு மூத்தவர் என்பதால் உடனே பிடித்துப்போயிற்று.

சிக்கல் ஒன்றுதான். 'ஹுன்' என்றால் 'அவள்' என்றது அகராதி. இப்பேர்ப்பட்ட பெண்ணை 'அவள்' என்பதா? பத்திரிகையில் பிரதமருக்கும் பிஷப்புக்கும் 'ஹான்' என்று போட்டிருந்தார்கள். அதுதான் 'அவர்' என்று முடிவுகட்டினேன். அதையும் அகராதியில் பார்த்திருக்கலாம். நாலு புத்தகம் படித்தவனுக்கு ஊகமே போதும்.

பத்து நிமிடம் முழங்கினேன். 'ஹான்' இளவரசியாக நடித்தார், 'ஹான்' ஒரு கப்டனை மணந்து மூன்று பிள்ளை பெற்றார். ஆசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'ஹான்' என்றால் ஆண், வேறொன்றுமில்லை என்றார்.

பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணை, அமைச்சுக்கு நீங்களாத்தானே கடிதம் எழுதினனீங்கள்? மன்னாரிலை இருக்கிற அக்காவை அதிலை என்னெண்டு போட்டனீங்கள்?"

"மரியாதையாத்தான்."

"அப்ப ரெண்டு வருசமா ஒரு ஆம்பிளையை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறியள்."

ஆசிரியைக்கு விளக்கியதும் அவருடைய சிரிப்பும் நின்றது. அன்று பின்னேரமே என்னோடு இருந்து, என் மனைவியைப் பெண்ணாக்கிப் புதுக்கடிதம் எழுதித்தந்தார். எங்கள் கோப்புகளை அமைச்சரே வேண்டுமென்று நிறுத்திவைத்த கதை பின்னாளில் பத்திரிகைகளில் வந்தது. அதை வாசிக்கும்வரை, எல்லாம் என் இலக்கணத்தின் குற்றம் என்றே நம்பியிருந்தேன்.

அனுமதி அடுத்த வசந்தத்தில் வந்தது. ஒரு சூட்கேசோடு, செருப்புக் காலோடு, மனைவி ஸ்கீவ ஸ்டேசனில் இறங்கினா. முதலில் காற்றைப் பார்த்தா, பிறகு என்னை.

"இஞ்சேருங்கோ, இந்தக் குளிரைப் பற்றி ஒரு கடிதத்திலையும் எழுதேல்லையே?"

"எழுதியிருந்தா வந்திருப்பீரே?"

"ஓம். ரெண்டு சுவெட்டரோடை."