தெல்ஃபோவின் வலக்கை பிரேக்

கைகள் அவசரப்படவில்லை. இடது கை தலைமுடி உலர்த்தும் கருவியை ஹேண்டில்பாரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தது. வலது கையின் கட்டைவிரல் நகம், சூட்டில் பசை இளகிய பருத்தி நாடாவின் ஓரத்தைக் கிளப்பியது. ஒரு சுற்று கழன்றதும் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தது. நாடாவின் ஓரம் படிந்திருந்த இடத்தில், வெற்று அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய கோடு. கழன்ற நாடா, நூல் சுற்றும் ஒரு மரக் கண்டில் ஏறியது. மறுபடியும் கருவி, நகம், பென்சில், கண்டு.

அந்த நாடா ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. இப்போது விரல்கள் படியும் இடமெல்லாம் காப்பி நிறம். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு. அந்தக் கறை தெல்ஃபோவின் கைகளுடையது. தெல்ஃபோ ஜனவரியில் போய்விட்டான். அவன் மனைவி எல்விரா, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றும் கழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழேயிருந்து மேல சுத்துங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா உன் புருஷன்?" என்றாள் கைகளுக்குச் சொந்தக்காரியான அர்மீதா. "நான் சொன்ன மாதிரி சுத்தியிருந்தா இப்ப பாதியப் பிரிச்சாப் போதும்."

"என்கிட்ட மட்டும் கேட்டுட்டாராக்கும்" என்றாள் எல்விரா.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துவிட்டால், குளிர் விலகி வரும் முதல் ஞாயிறு அவருக்கு. அவருடைய சைக்கிளை அவர் வீட்டு ஆள் ஒருவர் முன்னால் ஓட்டிக்கொண்டு போக, நாங்கள் பின்னால் போவோம். அவருக்குப் பிடித்த பாதைதான். யாரும் முந்தக் கூடாது. தெல்ஃபோவுக்குப் பிடித்தது, மின்சோ ஆற்றங்கரையோடு கொய்த்தோ வரை போய், வயல்களைத் தாண்டி வோல்தா மேட்டில் ஏறி, காவ்ரியானாவிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் பாதை. அந்த இறக்கத்தை நினைத்தால் இன்றும் என் தோள்பட்டை வலிக்கிறது.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் பந்தயம் ஓட்டிப் பழகிய பழைய ஆட்கள் முன் சக்கரத்து பிரேக்கை வலக்கையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும், கடையில் வாங்கி ஓட்டுபவர்களுக்கு, வலக்கை என்றால் பின் சக்கரம். என் சக்கரத்தில் ஆரக்கம்பி உடைந்த ஒரு ஞாயிறு, தெல்ஃபோவின் சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். காவ்ரியானா இறக்கத்தில் ஒரு கோழி குறுக்கே வந்தது. கை பழக்கப்படி வலது பிரேக்கை இறுக்கியது. முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. திராட்சைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது தெல்ஃபோ ஓடிவந்தான். வந்தவன் முதலில் தடவிப் பார்த்தது சைக்கிளை. என் காறையெலும்பு உடைந்திருந்தது அப்புறம்தான் அவனுக்குத் தெரியும்.

தெல்ஃபோவுக்கான ஞாயிறன்று அந்தச் சைக்கிளை ஓட்ட வேண்டியவள் தெல்ஃபோவின் மகள் மிலேனா. வெரோனாவில் வேலை. அப்பாவின் உயரம், அப்பாவின் நீண்ட கால்கள். ஆனால் சைக்கிள் பழகியது கடைச் சைக்கிளில்.

அர்மீதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஸ்தெல் கொஃப்ரேதோவில் ஒரு காலுறை ஆலையில் சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். முதலில் கிழிசல் தைத்தாள், பிறகு ஊசிகளைச் சரிபார்த்தாள், கடைசியில் இயந்திரங்களையே பிரித்து மாட்டினாள். ஆலையை மூடியபோது ஆளுக்கொரு கேக்கும் கைகுலுக்கலும் கொடுத்து அனுப்பினார்கள். இவள் கூடவே ஒரு கூடை நிறைய மரக் கண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பழைய சக்கரத்தை வைத்துக்கொண்டு கம்பிகளைப் பிரித்தாள், பின்னினாள், மறுபடி பிரித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. சக்கரத்துக் கம்பியை விரலால் சுண்டி, காதை அருகில் கொண்டுபோய்க் கேட்பாள். ஆலையில் நூலின் விறைப்பையும் அப்படித்தான் கேட்டாளாம். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "ஷிஃப்ட் ஒத்து வரல" என்பாள்.

பெண்பிள்ளையிடம் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுக்க எங்கள் ஆட்களுக்கு மனமில்லை. முதலில் கொடுத்தவன் தெல்ஃபோ. "கெடுத்தாலும் பரவால்ல, பழைய சக்கரம்தான்" என்று நீட்டினான். திரும்பி வந்த சக்கரத்தை அச்சைப் பிடித்துச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு எல்லாரும் அவள் கொட்டகை வாசலில் நின்றோம்.

அந்தக் கொட்டகைக்குத்தான் அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் எல்விராவும் மிலேனாவும் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். நானும் கூட வந்தேன். டயரில் காற்று, சங்கிலிக்கு எண்ணெய், அவ்வளவுதான் எல்விரா கேட்டது.

அர்மீதா பிரேக் வயர்கள் போகும் வழியைக் குனிந்து பார்த்தாள். "பிரேக்க மாத்தணும்."

"ஒண்ணயும் மாத்தக் கூடாது."

"வயர் நாடாவுக்கு உள்ள போகுது. நாடாவப் பிரிச்சாத்தான் முடியும்."

"அதத்தான் வேண்டாம்ங்கறேன்." எல்விராவின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரின் மேல் இருந்தன. "விறகெடுக்கக் கொட்டாய்க்குப் போறப்ப தெனமும் இதப் பிடிச்சுப் பாக்கறேன் அர்மீதா. அவர் கை அப்படியே இருக்கு. நீ பிரிச்சிட்டா அப்புறம் இது வெறும் சைக்கிள்."

"பழகிக்கலாம் அத்தை" என்றாள் மிலேனா. "மனசுல வச்சுக்கிட்டே ஓட்டறேன்."

"இவனும் மனசுலதான் வச்சுக்கிட்டிருந்தான்" என்று அர்மீதா என்னைக் காட்டினாள். "கோழி வந்ததும் மனசு கோழிகிட்டப் போயிடுச்சு."

பிறகு அவள் வாக்குவாதம் செய்யவில்லை. சைக்கிளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மிலேனாவை ஏறச் சொன்னாள். "மெதுவா என்னைப் பார்த்து வா. பேசிக்கிட்டே வா. வெரோனாவுல வீட்டு வாடகை எவ்வளவு?"

மிலேனா சிரித்துக்கொண்டே, நடை வேகத்தில்தான், பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நில்லு!" என்று அர்மீதா கத்தினாள்.

வலக்கை இறுகியது. முன் சக்கரம் கல்லில் அறைந்ததுபோல் நின்றது. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மிலேனாவின் வயிறு ஹேண்டில்பாரில் மோதியது. நான் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

எல்விரா வாயைப் பொத்திக்கொண்டாள். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் கொட்டகைக் கதவு திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பிரி. ஆனா என் கண்ணு முன்னால பிரி."

"பிரிச்ச மாதிரியே திருப்பிச் சுத்தறேன். ஒவ்வொரு சுற்றும் பழைய எடத்துல உக்காரும். அவர் சுத்தின மாதிரியே, மேலேயிருந்து கீழ" என்றாள் அர்மீதா. கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அப்படித்தான் நாங்கள் மூவரும் அன்று அந்தக் கொட்டகையில் இருந்தோம். இடது பக்கம் முழுதாகக் கழன்று வந்தது. வலது பக்கத்தில், வளைவைத் தாண்டியதும், நாடாவுக்கு அடியில் வேறொரு துணி தெரிந்தது. கை வலிக்காமலிருக்கத் தெல்ஃபோ மெத்தைபோல் வைத்துச் சுற்றியது. நீலக் கட்டம் போட்ட துணி.

எல்விரா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இது என் மேசைத் துணி."

நானும் அர்மீதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாய் கடிச்சுக் கிழிச்சிருச்சுன்னு சொன்னாரு. அந்த நாய எத்தன திட்டு திட்டினேன்! சாகற வரைக்கும் அத மேசைப் பக்கமே விடல!" அவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் முகம் கோணியது. கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

"எடுத்துத் தரவா?" என்று அர்மீதா கேட்டாள்.

"வேண்டாம். திருட்டுப் பொருள் அங்கயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. கட்டைவிரல் கறை மிகக் கறுப்பாக இருந்த இடம். வியர்வை ஊறி ஊறி நூல் மக்கியிருந்தது. அர்மீதாவின் நகம் ஓரத்தைத் தொட்டதும் நாடா குறுக்கே கிழிந்தது. சத்தம்கூட இல்லை.

கைகள் நின்றன. எல்விரா அந்தக் கிழிசலையே பார்த்தாள். வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள்.

"நான்தான் கிழிச்சேன்" என்றாள் அர்மீதா. "இன்னும் சூடு காட்டியிருக்கணும்."

எல்விரா நாற்காலியில் உட்கார்ந்தாள். "மிச்சத்தைப் பிரி" என்றாள்.

அர்மீதா வயர்களையும் அவற்றின் உறைகளையும் எடுத்துவிட்டு, புதியவற்றை இடம் மாற்றிப் போட்டாள். இடக்கைக்கு முன் சக்கரம், வலக்கைக்குப் பின் சக்கரம். பழைய உறை எத்தனை தடிமனோ புதியதும் அத்தனை தடிமன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்று தள்ளிப்போகும் என்று அளந்து அளந்து தேடினாள். பொருத்தமானது கொட்டகையில் இல்லை. மான்தோவாவுக்குப் பேருந்தில் போய் வாங்கிவந்தாள். பிறகு ஆலைக் காலத்து ஊசியை எடுத்து, கிழிசலின் இரு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முகத்தோடு முகம் சேரும்படி தைத்தாள். நீலக்கட்டத் துணியை அதன் இடத்தில் வைத்தாள். பென்சில் கோடுகளைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். ஒரு சுற்று மயிரிழை விலகினாலும் கறை சேராது. சேராதபோது அந்தச் சுற்றை மட்டுமல்ல, மேல்வரை முழுவதையும் பிரித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. பூசணிக்காய் அடைத்த தோர்தெல்லி பாஸ்தாவைத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை ஆற்றின் மேல் பனிமூட்டம் இருந்தது. கொட்டகை முன்னால் குழுவினர் எல்லாரும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றோம். வழக்கமாக ஒருவர் டயரை ஒருவர் கிண்டல் செய்யும் நேரம் அது. அன்று எல்லார் கண்ணும் கொட்டகைக் கதவில் இருந்தது. அர்மீதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நேராக எல்விராவிடம் போனாள்.

எல்விரா கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரில் வைத்தாள். விரல்கள் கறைகளின் மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன. வலது கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தது, ஒரு இடத்தில் நின்றது.

"இங்கதானே?"

"அங்கதான்."

"நூல் வெள்ளையா இருக்கே. அதே நிறத்துல போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். ஆனா அது என்னோட வேலை. அவரோடதுன்னு ஆயிடக் கூடாது."

எல்விரா தலையை அசைத்தாள். கைகளை உடனே எடுக்கவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"மிலேனா. பின் பிரேக் எது?"

மிலேனா வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

எல்விரா அந்தக் கையைப் பிடித்துத் தன் கை இருந்த இடத்தில் வைத்தாள். அப்புறம் இடக்கையை. பிறகு ஒரு எட்டு பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.