நத்தைக்குப் பக்கத்தில் இருந்த சங்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகத் தள்ளிப்போட்டேன். சாமி விஷயம், எட்டாவது வரை படித்தவன் எழுதினால் தப்பாகிவிடுமோ என்ற பயம். ஆனாலும் தினமும் காலை பூஜையில் சங்கைக் கையில் எடுக்கும்போது மேடம் நினைவு வந்துவிடுகிறது.

பெங்களூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்தேன். மேடம்தான் துறைத்தலைவி. ஆயுத பூஜைக்காக மைக்ராஸ்கோப்புகளுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரியில் நத்தைக்கும் பாட்டிலில் ஊறும் கணவாய்க்கும் நடுவே ஒரு சங்கு கண்ணில் பட்டது. எத்தனையோ நாள் துடைத்து வைத்ததுதான். அன்றைக்கு மனசு கேட்கவில்லை. கழுவி, சந்தனம் பூசி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒட்டியிருந்த நம்பர் சீட்டு தண்ணீரோடு போய்விட்டது. கணவாயையும் அலமாரியில் மீன்கள் இருந்த தட்டுக்கு மாற்றினேன். மார்க்கெட்டில் அதை மீனோடுதானே விற்கிறார்கள்?

விடுமுறை முடிந்து வந்த மேடம் அலமாரியைப் பார்த்தார். திட்டவில்லை. சங்கு, நத்தை, சிப்பி, கணவாய் நாலையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"என்னப்பா, ஒரு குடும்பத்தையே பிரிச்சு விட்டுட்டீங்க?"

"சங்கு சாமி பொருள் மேடம். நத்தை பக்கத்துல எப்படி..."

"எல்லாம் மொலஸ்காங்கிற ஒரே இனம்ப்பா. எலும்பு கிடையாது, மெத்துன்னு உடம்பு. மேல போர்வை மாதிரி ஒரு சதை, அதுதான் ஓடு கட்டுது. சிப்பி ரெண்டு ஓட்டுக்காரன். கணவாய் ஓட்டை உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். சங்கும் நத்தையும் இன்னும் நெருக்கம். ரெண்டும் வயித்தாலேயே நகர்ற ஒரே வகுப்பு."

"அப்ப எங்க வீட்டுச் சங்குக்குள்ளயும்..."

"இருந்திருக்கும். நத்தை மாதிரி ஒரு உயிர்."

"அதால அபிஷேகம் பண்ணலாமா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் தட்டுல வைக்கணும்னு கேளுங்க, சொல்றேன். இது எனக்குத் தெரியாது."

அன்று நீலசந்திராவில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், அப்பா கொடுத்த சங்கைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து சொம்பால்தான் அபிஷேகம். மனைவி விடவில்லை. "இத்தனை வருஷம் சாமி ஒண்ணும் சொல்லல. காலேஜ்ல சொன்னதும் உங்களுக்கு ஆகாமப் போச்சா?" என்றாள். செத்த உயிரின் வீடு அது. ஆனால் பெருமாள் கையிலும் அதுதானே இருக்கிறது? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

மழை விட்ட ஒரு காலையில் துளசித் தொட்டி முழுக்க நத்தைகள். வழக்கம்போல் தூவிக் கொல்லக் கல் உப்பை அள்ளிக்கொண்டு போனேன். கை நின்றுவிட்டது. சங்கைப் பிடித்த அதே கை. உப்பை ஜாடியிலேயே கொட்டிவிட்டு, நத்தைகளை ஒவ்வொன்றாக இலையில் ஏந்திப்போய்ச் சாக்கடை ஓரத்துப் புல்லில் விட்டேன். பிறகு பரணிலிருந்து சங்கை இறக்கிக் கழுவினேன். செய்தது சரியா என்று மேடத்திடம் கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்; அப்புறம் காலமான செய்திதான் வந்தது.

இன்று காலையும் அந்தச் சங்கால்தான் தண்ணீர் விட்டேன். தினமும் விடுமுன், உள்ளே இருந்த உயிரை நினைத்து ஒரு நொடி நிற்கிறேன். அது பக்தியா, பயமா, தெரியவில்லை. படிப்பவர்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கடைசியில் எனக்குத் தெளிவு வந்தது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.