இருளம்மாளின் ஐந்து மணி

ஆனைக்குட்டத்து இருளம்மாளைக் கொடுத்து வைத்தவள் என்றுதான் பட்டாசு ஆலைப் பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லமாட்டார்களா பின்னே! மற்றவர்களெல்லாம் கம்பெனி வேனில் புளிமூட்டையாக அடைந்து வருகையில், இவள் மட்டும் புருஷன் வண்டியில் வந்து இறங்குவாள். அவள் வாசலுக்குள் போகும்வரை பாண்டிராஜ் நின்று பார்ப்பான். சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதுமுன் திரும்ப வந்து நிற்பான்.

அவள் வெளியே வர ஐந்து நிமிஷம் பிந்தினால் போச்சு. "அங்கன எவன்கூடப் பேசிக்கிட்டு இருந்தே?" பதில் சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. முகத்தில் கைவைக்கமாட்டான், மேல்கையிலும் முதுகிலும்தான். பிறகு அவனே புரோட்டா வாங்கி வந்து ஊட்டிவிடுவான். "உம்மேல உசுரு புள்ள, அதான் கோவம் வருது" என்பான்.

இருளம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயிரையே வைத்திருப்பவனை எப்படிக் குறை சொல்வது? தப்பு தன்மேல்தானோ? அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அவள். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்த மகராசன் கையில் கிடைக்கட்டும், நாலு அணைப்பு வைத்து அனுப்பலாம்.

அடிபட்ட தடம் ஊர் கண்ணில் ஏன் படவில்லை என்கிறீர்களா? இருளம்மாளுக்கு மத்தாப்பு மருந்தில் வேலை. அலுமினியப் பவுடர் தோள்வரை அப்பிக்கொள்ளும். அந்த மருந்துக் கொட்டகையில் எல்லாப் பெண்களின் கையும் சாம்பல் நிறம்தான். அதில் கன்றிப்போன இடம் எது, பவுடர் எது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

2007 தீபாவளி சீசனில் ஒருநாள், வாசலில் பெண்களைச் சோதனை போடும் வெள்ளைத்தாய் தண்ணீர்த் தொட்டியடியில் இவளைப் பார்த்தாள். "ஏத்தா, இம்புட்டுப் பவுடரோடயா வீட்டுக்குப் போவே?" என்று தேங்காய் நாரால் மேல்கையைத் தேய்த்தாள். இருளம்மாள் அலறிவிட்டாள். பவுடர் போய்விட்டது; நாலு விரல் தடம் நீலமாக அப்படியே இருந்தது. வெள்ளைத்தாய் நாரைப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

மறுநாள் காலை, சோதனை போடும் தட்டிமறைப்புக்குள் வைத்துத்தான் கேட்டாள். பாண்டிராஜின் கண்ணும் மற்றவர்கள் காதும் எட்டாத இடம் அது ஒன்றுதான்.

"வண்டியில கொண்டாந்து விடுறானே, அது பாசமா, காவலா?"

"தெரியலக்கா."

"நீ சரின்னு சொல்லாம நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன். சீட்டு எதுவும் எழுதித் தரல, அவன் பையைத் துழாவுவான். மனசுல வச்சுக்கோ. விருதுநகர் கலெக்டர் ஆபீசுல சமூக நலத்துறை அம்மா இருக்காக. வீட்டுக்குள்ள அடிக்கிறதுக்குன்னே புதுச் சட்டம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அட்டைப்பெட்டி எடுக்கக் காலி வேன் பின்வாசல் வழியா விருதுநகர் போகும். நானும் கூட வாரேன்."

முதல் வெள்ளி, "இந்த வாரம் அவரு அடிக்கலக்கா" என்றாள். இரண்டாம் வெள்ளி, "பாவம், அவருக்குக் காய்ச்சல்" என்றாள். வெள்ளைத்தாய் கோபிக்கவில்லை. மூன்றாம் வெள்ளி, ஏன் ஏறினோம் என்று தெரியாமலே வேனில் ஏறிவிட்டாள்.

கலெக்டர் ஆபீசுக்குப் போயும் அதே குழப்பம். "நல்லவருதாம்மா. குடிக்கமாட்டாரு. புரோட்டா வாங்கித் தருவாரு" என்றாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்தினார். "மணி மூணு. இப்பக் கெளம்பினா அவர் வர்றதுக்குள்ள கேட்டுக்குப் போயிரலாம். இல்லைன்னா, இன்னைக்கே தங்கப் பத்திரமான இடம் இருக்கு. அது எங்கன்னு அவருக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

இருளம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக மருந்துக்கு நடுவே நடுங்காமல் வேலை பார்த்த கை! இப்போது பக்கத்தில் இருந்தவளின் கையைத் தேடியது. வெள்ளைத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு அஞ்சு மணி ஆகவே கூடாதும்மா" என்றாள் இருளம்மாள். சொன்னது தான்தானா என்று திகைத்துப் போனாள்.

"அஞ்சு மணி ஆகும்மா" என்றார் அதிகாரி. "நீங்க அங்க நிக்க வேண்டியதில்ல."