இரண்டாவது கையெழுத்து

பறக்காத விமானத்துக்கு எதற்கு இரண்டு பேர் கையெழுத்து என்று கல்லூரி முதல்வர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. "விதி அப்படி சார்" என்றேன். அந்த விதி பறக்கிற விமானத்துக்குத்தான். அது அவருக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தப் பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு தகரக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் பழைய பயிற்சி விமானம் நிற்கிறது. மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும் என்று வாங்கிப் போட்டது. தொடலாம் என்று சொன்னால் நம் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஓட்டுபவர் பிடிக்கும் ஸ்டிக்கை வருடக்கணக்காக ஆட்டு ஆட்டென்று ஆட்டியதில், அது விழப்போகும் பல் மாதிரி ஆகிவிட்டது. இங்கே ஓர் அங்குலம் அசைத்தாலும் பின்னால் வால் அசையவில்லை. கோடை விடுமுறைக்குள் சரிசெய்து தர முடியுமா என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் முப்பது வருடம் விமான மெக்கானிக்காக இருந்தவள். வேலை பார்த்த ஹேங்கரை, அதான் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையை, மூடிய பிறகு, ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். மாடியிலும் கீழேயும் கம்பெனிக்குப் போகும் பெண்கள். ஷிப்ட் மாறும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்கும், அப்புறம் அதுவும் இருக்காது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது கேட்க ஆளில்லை.

ஸ்டிக் திரும்பும் இடத்தில் இருந்த வெண்கலப் புஷ் வளையங்கள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. அங்கிருந்து வாலுக்குக் கம்பிக் கயிறு ஓடும் உருளை ஒன்று சுற்றாமல் நின்றுபோய், கயிறே அதில் பள்ளம் அறுத்திருந்தது. உருளை பழைய சாமான்களில் கிடைத்தது. புஷ் கடைய வடக்குப்பட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். கார் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கிற பட்டறை.

"எத்தினி வேணும் மேடம்?"

"நாலு."

"நாலாயிரமா? அடுத்த வாரம் ஆவும்."

"நாலே நாலு புஷ்."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் பாவமாக இருந்ததோ என்னவோ, சாயங்காலமே கடைந்து கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் மாட்டினேன். இனிதான் தனியாள் செய்ய முடியாத வேலை. ஸ்டிக்கை இழுத்தால் வாலில் உள்ள பலகை மேலே எழ வேண்டும். கயிறு இடம் மாறியிருந்தால் கீழே போகும். பறக்கிற விமானமென்றால் உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். அதனால்தான், செய்தவர் கண்ணை நம்பாமல் இன்னொருவர் முழுவதையும் புதிதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கள் தொழிலில் வைத்திருக்கிறார்கள். நான் ஸ்டிக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடினேன். போவதற்குள் பலகை பழையபடி தொங்கியது. ஸ்டிக்கைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலிக் கொட்டகையில் "மேலே" என்று நானே சொல்லி, "சரி" என்று நானே பதிலும் சொன்னபோது தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹேங்கரில் பதினெட்டு வருடம் என்னோடு ஒருவர் இருந்தார். என் வேலையை அவர் சரிபார்ப்பார், அவர் வேலையை நான் சரிபார்ப்பேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள், கயிற்றை இறுக்கும் திருகில் பூட்டுக் கம்பி கட்டாமல் விட்டுவிட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதில் தப்பில்லை. ஆனால் அவரிடம் சொல்லிக் கட்ட வைக்காமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். ஏன் போனேன்? ஒரு பொம்பளை கண்டுபிடித்தாள் என்று நாலு பேர் பேச வேண்டும் என்ற திமிர், வேறென்ன! அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாதமே விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸில் சேர்ந்துகொண்டார். அதோடு பேச்சு நின்றது. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். நானும் போய்ப் பார்க்கவில்லை.

விதி கிதி என்று முதல்வரிடம் அளந்ததெல்லாம் அவரைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டும் என்றுதான். "அண்ணா, இரண்டாவது கையெழுத்துப் போட ஆள் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. அப்புறம் ஒரே சொல் வந்தது: "எப்போ".

மறுநாள் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இது பறக்கற வண்டி இல்லியே."

"இல்லண்ணா."

"நீ உள்ள ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவர் வாலுக்குப் போனார்.

"இழு."

இழுத்தேன்.

"மேல வருது. தள்ளு."

தள்ளினேன்.

"கீழ போவுது. நடுவுல வெய்யி."

வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டால் அவர் போய்விடுவாரே என்று பயமாக இருந்தது.

பிறகு டார்ச்சை எடுத்து வாலின் அடியில் குனிந்தார். ஒவ்வொரு போல்ட்டாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா இது? பின்னு காணோம்."

நட்டு கழலாமலிருக்க போல்ட்டின் குறுக்கே செருகும் சின்னக் கம்பி அது. எனக்கு உடனே நினைவு வந்தது. பதிலுக்குக் காத்திருந்த அந்த இரண்டு நாளில், வேறு வேலையில்லாமல் அந்த போல்ட்டைக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டினேன். பின்னைக் கையில் எடுத்தபோதுதான் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. "எப்போ" என்பதைப் பார்த்த சந்தோஷத்தில் பின்னை மறந்தே போனேன். முப்பது வருடத்தில் நான் இப்படி விட்டதில்லை.

அவர் டார்ச்சை அணைத்தார். எதிரே முதல்வர் அறைக் கதவு திறந்திருந்தது. போய்ச் சொல்லட்டும், எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வந்து, வாலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"போடு. நான் எங்கியும் போவல. இங்கதான் ஒக்காந்துகினு கீறேன்."

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.

புதுப் பின் ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தேன். கண்ணீர் மறைத்ததில் துளை தெரியவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது.

"அண்ணா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல பின்னப் போடும்மா" என்றார். "பொறுமையா போடு. எனுக்கு பஸ்ஸு ஆறு மணிக்குதான்."